ஒற்றை எலக்ட்ரானை விடுவிக்கும் கணக்கு
ஒளியைப் படித்த கதை – வரலாற்றுத் தொடர், பகுதி 14

ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் உண்டு. கருவின் பிடியிலிருந்து அதை முழுவதுமாக விடுவிக்கத் தேவையான மிகக் குறைந்த ஆற்றல் 13.598 எலக்ட்ரான் வோல்ட். இதுவே ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல். ஹீலியம் அணு தன் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றை ஏற்கெனவே இழந்திருந்தால், எஞ்சிய ஒன்றை விடுவிக்க 54.418 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். லித்தியம் இரண்டை இழந்து ஒன்றோடு நின்றால் 122.454. மூன்றும் வெவ்வேறு தனிமங்கள்தான், ஆனால் அமைப்பில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: கரு ஒன்று, எலக்ட்ரான் ஒன்று. மற்ற எந்த அணுவுக்கும் இல்லாத ஒரு வசதி இந்த வீட்டுக்கு உண்டு. அயனியாக்கும் ஆற்றலைச் சோதனைக்கூடத்துக்கே போகாமல், காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

மேல்நிலை வகுப்பு மாணவர் இந்தக் கணக்கை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். 13.6-ஐ அணு எண்ணின் இருமடியால் பெருக்கி, எலக்ட்ரான் நிற்கும் ஆற்றல் மட்டத்தின் எண்ணின் இருமடியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒற்றை வரி உருவாக அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் பிடித்தது. அதன் தொடக்க அத்தியாயங்களில் இரண்டு இந்திய மண்ணில், கிரகண நேரங்களில் எழுதப்பட்டன. எழுதியவர்களுக்குத் தாங்கள் அயனியாக்கும் ஆற்றலைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. எலக்ட்ரான் என்றொரு பொருள் இருப்பதும் 1897 வரை உறுதிப்படவில்லை.

1868 ஆகஸ்ட் 18 காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தக்காணத்தைக் குறுக்கே கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை நிறுத்தியிருந்தார். அதே ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாசாரி வனபர்த்திக்குத் தனிக் குழுவோடு போயிருந்தார். தமிழ் நாட்டு ஊர்கள் நிழலின் பாதைக்கு வெளியே தெற்கில் விழுந்துவிட்டன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஆவூரில் அன்று சூரியன் குறைந்ததே தவிர மறையவில்லை. முழுமையாக மறைந்த இடங்களில்தான் சூரியனின் விளிம்பில் எழும் செந்நிறப் பிழம்புகளைத் தனியே பார்க்க முடிந்தது. அவற்றின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்தபோது பளிச்சென்ற வரிகள் தெரிந்தன. பிழம்பு ஒளிரும் வாயு என்பதும், அந்த வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன் என்பதும் அன்றே தீர்ந்தது. கூடவே மஞ்சளில் ஒரு வரி. சோடியத்தின் வரி என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று போக்சன் குறித்து வைத்தார். அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்த வரியைக் கண்டார். சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. பூமியில் அது கையில் கிடைத்தது 1895-இல், வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தபோது. இந்தக் கணக்கின் இரண்டு நாயகர்களான ஹைட்ரஜனும் ஹீலியமும் ஒரே காலையில், ஒரே கிரகணத்தில் அருகருகே காட்சி தந்தார்கள் என்பதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

ஹைட்ரஜனின் வரிகள் வெறும் வரிகளாகவே 1885 வரை இருந்தன. கண்ணுக்குத் தெரிபவை நான்கு: சிவப்பில் 656.3 நானோமீட்டர், நீலப்பச்சையில் 486.1, ஊதாவை ஒட்டி 434.0, 410.2. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த யோகான் பாமர் இந்த நான்கு எண்களையும் ஒரே வாய்பாட்டில் அடக்கினார். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, அதை 9/5-ஆல் பெருக்கினால் சிவப்பு வரி, 16/12-ஆல் பெருக்கினால் நீலப்பச்சை வரி. தொகுதியில் 3, 4, 5, 6 ஆகியவற்றின் இருமடி. பகுதியில் அதிலிருந்து நான்கைக் கழித்தது. எண்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பின்னம் ஒன்றை நெருங்கும், வரிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு 364.56-இல் வந்து குவியும். அந்த இடத்துக்கு வரிசை எல்லை என்று பெயர். ஏன் அங்கே ஓர் எல்லை, அதற்கு அப்பால் என்ன என்ற கேள்விகளுக்குப் பாமரிடம் பதில் இல்லை. சில ஆண்டுகளில் சுவீடனின் ரிட்பெர்க் அதே வாய்பாட்டை அலைநீளத்தின் தலைகீழ் எண்ணில் எழுதி, பொதுவான மாறிலி ஒன்றை உள்ளே வைத்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் என்ன என்பதற்கான விடை மீண்டும் இந்தியக் கிரகணம் ஒன்றில் படமாகப் பதிந்தது. 1898 ஜனவரி 22 அன்று பேரார் பகுதியின் தால்னியில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் குழு முகாமிட்டிருந்தது. அதில் ஜான் எவர்ஷெட் என்பவரும் ஒருவர். அப்போது அவர் அரசாங்க விஞ்ஞானி இல்லை. ஒரு வேதிநிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தச் செலவில் சூரியனை ஆராய்ந்தவர். முழு மறைவின் சில நொடிகளில் சூரியனின் நிறமண்டல ஒளியைப் புறஊதாவரை நீளும்படி அவர் தகட்டில் பிடித்தார். பாமரின் வரிகள் ஒவ்வொன்றாக நெருங்கி எல்லையில் முடிந்தன. ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகும் தகடு இருண்டுவிடவில்லை. வரி ஏதும் இல்லாத தொடர்ச்சியான ஓர் ஒளிப்பட்டை அங்கே தொடங்கி மேலே போயிற்று. 1907-இல் எவர்ஷெட் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வந்தார். 1911 முதல் 1923 வரை அதன் இயக்குநராக இருந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே கண்டுபிடித்ததால்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. தால்னித் தகட்டுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. அயனியாக்கத்தின் கதையில் அதுதான் பெரிய ஆவணம் என்பது இத்தொடரின் கருத்து. எலக்ட்ரானைக் கரு விட்டுக்கொடுக்கும் வாசல்படி எங்கே இருக்கிறது என்று அந்தத் தகடு காட்டியது. அதைப் படிக்கும் மொழி அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு யாரிடமும் இல்லை.

இதற்கிடையே ஒரு வழக்கு கிளம்பியது. 1896-இல் ஹார்வர்டின் பிக்கரிங், தென்வானத்து ஸீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் நிறமாலையில் பழக்கமில்லாத ஒரு வரிசையை அறிவித்தார். தமிழ் நாட்டில் இந்த விண்மீனை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மாசி மாதத்து முன்னிரவில் ஆவூரிலிருந்து தெற்கே நோக்கினால், பளிச்சென்ற அகத்திய மீனுக்கு வடகிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 39 பாகை உயரத்தில் நிற்கும். அதன் புதிய வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்று பாமர் வரிகளின் மேலேயே விழுந்தன, மற்றவை சரியாக இடையில். பாமரின் வாய்பாட்டில் முழு எண்களோடு அரை எண்களையும் போட்டால் எல்லாம் பொருந்திற்று. எனவே இதுவும் ஹைட்ரஜன்தான், நமக்குத் தெரியாத நிலையில் இருக்கும் ஹைட்ரஜன் என்று முடிவு கட்டப்பட்டது. 1912-இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலர் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் மின்சாரம் பாய்ச்சி, இதே இனத்தைச் சேர்ந்த வரிகளைப் பூமியிலேயே வரவழைத்தார். அவரும் ஹைட்ரஜன் என்றே எழுதினார். குழாயில் ஹீலியமும் இருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1913-இல் இருபத்தேழு வயது நீல்ஸ் போர் வந்தார். அணுவின் நடுவே சிறிய, கனமான கரு இருப்பதை மான்செஸ்டரில் ரதர்ஃபோர்ட் காட்டி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. எலக்ட்ரான் அந்தக் கருவைச் சுற்றலாம், ஆனால் நினைத்த பாதையில் எல்லாம் சுற்ற முடியாது என்றார் போர். அதன் கோண உந்தம் ஒரு குறிப்பிட்ட அளவின் முழு எண் மடங்காகவே இருக்கும். அந்த அளவு பிளாங்கின் மாறிலியை இருமடங்கு பையால் வகுத்தது. இந்த ஒரு நிபந்தனையோடு, மின்னிழுப்பு விசையும் வட்ட இயக்கமும் சமப்படும் பழைய விதியைச் சேர்த்தால் பாதையின் ஆரம் கிடைத்துவிடும். ஹைட்ரஜனின் முதல் பாதைக்கு அது 0.0529 நானோமீட்டர். அந்தத் தொலைவில் இழுப்பினால் வரும் நிலையாற்றல் கழித்தல் 27.2 எலக்ட்ரான் வோல்ட், ஓட்டத்தினால் வரும் இயக்க ஆற்றல் கூட்டல் 13.6. வரவு செலவு பார்த்தால் நிற்பது கழித்தல் 13.6. எலக்ட்ரான் அந்த அளவுக்குக் கருவிடம் கடன்பட்டிருக்கிறது. அடகு வைத்த நகையைப்போல, கடனை அடைத்தால்தான் மீளும். அடைக்க வேண்டிய தொகைக்கே அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர்.

இரண்டாம் மட்டத்தில் கடன் நான்கில் ஒரு பங்கு, 3.4. மூன்றாம் மட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, 1.51. மேலே போகப்போகக் கடன் சுண்டிப் பூஜ்யத்தை நெருங்கும். பாமரின் வரிகள் எல்லாம் எலக்ட்ரான் மேல் மட்டங்களிலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வெளியே விடும் ஒளி. அப்படியானால் வரிசை எல்லை, முழு விடுதலையிலிருந்து நேரே இரண்டாம் மட்டத்துக்கு விழும் எலக்ட்ரானின் ஒளி. 1239.84-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். 364.6-ஆல் வகுத்துப் பார்த்தால் 3.40. எவர்ஷெட் தகட்டின் பட்டைக்கும் இப்போது பொருள் கிடைத்துவிடுகிறது. கருவின் பிடியில் இல்லாத எலக்ட்ரான் எந்த வேகத்திலும் ஓடலாம். அது பிடிபட்டு இரண்டாம் மட்டத்தில் விழும்போது 3.4 எலக்ட்ரான் வோல்ட்டோடு தன் ஓட்டத்தின் ஆற்றலையும் சேர்த்தே ஒளியாக விடும். வேகம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அந்த ஒளி வரியாக நிற்காமல் பட்டையாகப் பரவுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டுண்ட எலக்ட்ரான், அந்தப் பக்கம் கட்டற்ற எலக்ட்ரான்.

முதல் மட்டத்தின் எல்லை புறஊதாவில் ஆழமாக, 91.2 நானோமீட்டரில் இருக்கிறது. காற்று அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் வெற்றிடக் கருவியில்தான் வேலை செய்ய முடியும். ஹார்வர்டில் தியோடர் லைமன் 1906 முதல் அந்த வரிசையைப் பிடித்து வந்தார். 1239.84-ஐ 91.18-ஆல் வகுத்தால் 13.598. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றலை மிகத் துல்லியமாகத் தருவது இப்படி ஒளியின் அலைநீளத்தை அளக்கும் வழிதான். எலக்ட்ரானைப் பிய்த்து எடுத்துப் பார்க்கும் சோதனைகள் அந்தத் துல்லியத்தின் அருகில்கூட வரவில்லை. வேதியியல் நூல்கள் ஒரு மோல் அணுக்களுக்குச் சேர்த்து இதையே 1312 கிலோஜூல் என்று அச்சிடுகின்றன.

கருவின் மின்னூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பதிலேதான் போர் பிக்கரிங்கின் வழக்கைத் தீர்த்தார். மின்னூட்டம் இரட்டித்தால் இழுப்பு இரட்டிக்கும். அந்த இழுப்பில் பாதை பாதியாகச் சுருங்கும். பாதித் தொலைவில் நிற்பதால் பிடி இன்னொரு மடங்கு இறுகும். இரண்டு இரண்டும் நான்கு. ஆகவே ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் ஹீலியத்தின் ஆற்றல்கள் எல்லாம் ஹைட்ரஜனைப்போல நான்கு மடங்கு: 13.6-க்கு 54.4. அதன் ஆறாம் மட்டத்திலிருந்து நான்காம் மட்டத்துக்கு இறங்கும் வரி, ஹைட்ரஜனின் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் வரியோடு ஒட்டி விழும். ஏழிலிருந்து நான்குக்கு இறங்குவதற்கு ஹைட்ரஜனில் இணை இல்லை, அது இடைவெளியில் விழும். அரை எண்கள் என்று எல்லாரும் நினைத்தவை ஹீலியத்தின் முழு எண்கள். ஃபௌலரின் குழாயில் தெரிந்த 468.6 நானோமீட்டர் வரியும் இப்படியே. ஒன்பதில் ஒரு பங்கிலிருந்து பதினாறில் ஒரு பங்கைக் கழித்து 54.4-ஆல் பெருக்கினால் 2.644 எலக்ட்ரான் வோல்ட், அலைநீளத்தில் அதே 468.6-ஐ ஒட்டி வரும். ரதர்ஃபோர்டின் சோதனைக்கூடத்தில் ஈவான்ஸ் சுத்தமான ஹீலியத்தை மட்டும் குழாயில் அடைத்துப் பார்த்தார். ஹைட்ரஜனின் வரிகள் வரவில்லை, 468.6 வந்தது.

ஃபௌலர் லேசில் விடவில்லை. அளவில் கறாரான மனிதர் அவர். நான்கு மடங்கு என்கிறீர்கள், என் அளவுகளில் விகிதம் 4 இல்லை, 4.0016 என்று அவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பத்தாயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசம். வேறொருவராக இருந்தால் அளவுப் பிழை என்று தள்ளியிருப்பார். போரின் பதில் இந்த வரலாற்றின் மிக அழகான பக்கம். கரு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு போடப்பட்டது. உண்மையில் கருவும் எலக்ட்ரானும் தங்கள் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுற்றும் தகப்பனும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து சுற்றுவதைப்போல. ஹைட்ரஜன் கரு எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், ஹீலியம் கரு 7294 மடங்கு. கனம் கூடிய தகப்பன் குறைவாகவே அசைவார். ஆக ஹைட்ரஜனின் மதிப்பை 1836/1837-ஆலும் ஹீலியத்தின் மதிப்பை 7294/7295-ஆலும் பெருக்கித் திருத்த வேண்டும். திருத்தியபின் விகிதம் 4.00163. ஃபௌலரின் அளவுக்கும் கணக்குக்கும் இடையே இப்போது பேச இடமில்லை. அவர் ஏற்றுக்கொண்டார். நான்கு சரியாக இருந்ததைவிட, நான்கு தவறாக இருந்த அளவு சரியாக இருந்ததே போரின் அணுவைப் பலரை நம்ப வைத்தது.

இந்தத் திருத்தம் இன்றைய கணக்கிலும் முதல் படி. அசையாக் கருவுக்கான மதிப்பு 13.6057. ஹைட்ரஜனுக்கு 1836/1837-ஆல் பெருக்க 13.598 வந்துவிடும். ஹீலியத்துக்கு 13.6057-இன் நான்கு மடங்கு 54.4228, திருத்தினால் 54.415. அளவில் கிடைப்பது 54.418. மிச்சம் நிற்கும் 0.003 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வேறு காரணம் உண்டு. கருவின் மின்னூட்டம் கூடினால் எலக்ட்ரானின் வேகமும் கூடுகிறது, சார்பியல் தலையிடுகிறது. ஹைட்ரஜனில் அந்த வேகம் ஒளிவேகத்தில் 137-இல் ஒரு பங்கு, ஹீலியத்தில் இரண்டு பங்கு.

அயனியாக்கும் ஆற்றல் தெரிந்ததால் என்ன பயன் என்பதற்கு 1920-இல் மேகநாத் சாகா விடை சொன்னார். சூரியனின் நிறமண்டலத்தில் அயனியாக்கம் பற்றிய அவரது கட்டுரை அந்த ஆண்டு அக்டோபரில் ‘பிலசாஃபிகல் மேகசின்’ இதழில் வந்தது. வெப்பநிலையும் அழுத்தமும் அயனியாக்கும் ஆற்றலும் தெரிந்தால், வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்று அது சொல்லும். ஆவூரில் கோடை வெயில் 40 பாகை செல்சியஸ் அடிக்கும்போது காற்று மூலக்கூறு ஒன்றின் வெப்ப ஆற்றல் 0.027 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். ஹைட்ரஜனின் கடன் அதைப்போல 500 மடங்கு; எவ்வளவு வெயிலுக்கும் அது அசையாது. சூரியனின் மேற்பரப்பில், 5,772 கெல்வினில், கடன் 27 மடங்காகக் குறைகிறது. அங்கே பத்தாயிரத்தில் ஓர் அணு அளவில் எலக்ட்ரானை இழக்கிறது. ஸீட்டா பப்பிஸின் மேற்பரப்பு 40,000 கெல்வினை ஒட்டியது. ஹீலியம் அங்கே ஒற்றை எலக்ட்ரானோடு நிற்பதும், பிக்கரிங்கின் கண்ணில் பட்டதும் அந்த வெப்பத்தால்தான்.

1928-இல் ஜெர்மனியின் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஒற்றை எலக்ட்ரான் அணுவின் கணக்கில் சார்பியலை முதலில் நுழைத்தவர் அவர்தான். அணு அமைப்பும் நிறமாலை வரிகளும் பற்றிய அவரது நூலைக் கரைத்துக் குடித்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தங்குமிடத்தில் போய்ப் பார்த்தார். மாணவரின் பெயர் சந்திரசேகர். நீ படித்தது எல்லாம் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லிவிட்டார். மனம் ஒடிந்த மாணவருக்குத் தன் புதிய கட்டுரையின் அச்சுப் படியையும் கொடுத்துவிட்டுப் போனார். வேடிக்கை என்னவென்றால், பாதைகள் என்ற படம் பழையதானாலும் எண்கள் பழையதாகவில்லை. ஷ்ரோடிங்கரின் 1926-ஆம் ஆண்டுச் சமன்பாடு ஹைட்ரஜனுக்கு அதே 13.6-ஐத் தந்தது. 1928-இல் டிராக்கின் சமன்பாடு சோமர்ஃபெல்டின் சார்பியல் வாய்பாட்டையே திரும்பத் தந்தது.

சார்பியல் எவ்வளவு பேசும் என்பதற்கு யுரேனியத்தைப் பார்க்கலாம். 92 எலக்ட்ரான்களில் 91-ஐ இழந்து ஒன்றோடு நிற்கும் யுரேனியத்துக்குப் பள்ளி வாய்பாடு, 13.6057-ஐப் போட்டால், 1,15,159 எலக்ட்ரான் வோல்ட் என்கிறது. டிராக்கின் கணக்கு சுமார் 1,32,280. கருவின் பருமனையும் வெற்றிடத்தின் நுண்விளைவுகளையும் சேர்த்தால் 460 அளவுக்குக் குறைந்து 1,31,800-ஐ ஒட்டி நிற்கும். அந்த 460-ஐ ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அப்படிப்பட்ட யுரேனிய அயனிகளையே உருவாக்கி அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவது எலக்ட்ரான் ஒன்று உள்ளே வந்துவிட்டால் இந்தச் சௌகரியம் எல்லாம் போய்விடும். எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று தள்ளும். சமன்பாட்டுக்கு மூடிய விடை கிடையாது. ஹீலியத்தின் முதல் எலக்ட்ரானைக் கணக்கிடப் போரின் முறை கைகொடுக்கவில்லை. 1929-இல் நார்வேயின் ஹைலராஸ் நீண்ட தோராயக் கணக்கால் அதை எட்டினார். சந்திரசேகரும் பிற்பாடு, 1944-இல், இரண்டு எலக்ட்ரான்களோடு நிற்கும் ஹைட்ரஜன் எதிர் அயனியில் இதே வழியில் இறங்கினார். ஹீலியம் அணுவின் இரண்டு எலக்ட்ரான்களையும் விடுவிக்க மொத்தம் 79.005 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதில் 54.418 இந்தப் பகுதியில் சொன்ன கணக்கிலேயே வந்துவிடும். மீதி 24.587-க்கு ஹைலராஸ் பட்ட பாடு அடுத்த பகுதியில்.